மூட்டில் தொடங்கி இருதயத்தில் தங்கும் நோய்



சென்ற இதழின் வரவு செலவுப் பக்கத்தில் "இருதய நோயாளிகளுக்குப் பெனிசிலின் ஊசி" என்று ஒரு வரி இருந்ததைப் பலர் கவனித்திருக்கமாட்டீர்கள். நம்மைப் பல ஆண்டுகளாகத் தாங்கிவரும் ஒரு பெரியவர் கவனித்துவிட்டார். "நம்மிடம் இருதய ஆபரேஷன் வசதி கிடையாது. தொண்டைவலிக்குப் போடுகிற ஊசிக்கும் இருதயத்துக்கும் என்ன சம்பந்தம்? ஐயா விளக்கி எழுதவேண்டும்" என்று கார்டு போட்டிருந்தார். காணிக்கை கொடுக்கிறவர் கணக்குக் கேட்பது நியாயமே. ஆகவே இந்த இதழின் பாடப் பகுதியை அந்தக் கேள்விக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

நான் வைத்தியன் அல்ல, இறையியல் படித்தவன். வார்டில் வைத்தியர்களோடு சுற்றிவந்து கேட்டதையும், அவர்கள் கொடுத்த நூல்களில் படித்ததையும், விளங்கும் தமிழில் எழுதுகிறேன்.

இருதயத் தளர்ச்சி

"ஹார்ட் ஃபெயிலியர்" என்று சீட்டில் எழுதியிருந்தால் நம் ஜனங்கள் இருதயம் நின்றுவிட்டது என்று பயந்துபோகிறார்கள். அப்படியல்ல. சரீரத்துக்குத் தேவையான அளவு இரத்தத்தைத் தள்ள இருதயம் திணறுகிறது என்பதே அதன் பொருள். இருதயத் தளர்ச்சி என்று சொல்வது பொருந்தும். படி ஏறினால் மூச்சு வாங்கும். மல்லாந்து படுக்க முடியாமல் தலையணையை அடுக்கிவைத்துச் சாய்ந்தபடி இரவைக் கழிப்பார்கள். மாலையானால் கணுக்கால் வீங்கும். விரலால் அழுத்தினால் குழி விழும்.

இதற்குக் காரணங்கள் பல. மாரடைப்பு, இரத்தக் கொதிப்பு, நீடித்த குடிப்பழக்கம், பிறவிக் கோளாறு என்று வரிசை நீளும். இவற்றுள் ஒன்று ஏழைப் பிள்ளைகளைத் தேடிப்பிடிக்கிற நோய். வாதக் காய்ச்சல், அதாவது ருமாட்டிக் காய்ச்சல், என்பது அதன் பெயர். முடக்குவாதம் என்று வயதானவர்களுக்கு வரும் மூட்டு நோய் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இந்தக் காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வரும். தொண்டைவலி வந்து ஆறி, இரண்டு மூன்று வாரம் கழித்து, முழங்கால் வீங்கும். அது குறைந்து கணுக்கால் வீங்கும், பிறகு முழங்கை. சில பிள்ளைகளுக்கு, முக்கியமாகப் பெண்பிள்ளைகளுக்கு, கைகால் தானாக உதறும்; எழுத்துக் கோணும்; கையிலிருக்கும் டம்ளர் நழுவும். வாத்தியார் திமிர் என்று அடிப்பார், அப்பத்தா காத்துக் கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார். சில வாரங்களில் எல்லாம் அடங்கிவிடும். மூட்டில் தடமே இருக்காது. இருதயத்தில் பட்டதோ தங்கிவிடுகிறது.

எங்கே படுகிறது? வால்வுகளில். நம் சீமையில் கண்மாய் தெரியாதவர் கிடையாது. அதை வைத்தே சொல்லலாம். நுரையீரலிலிருந்து வரும் சுத்த இரத்தம் இருதயத்தின் இடது மேல் அறையில் சேர்ந்து, மைட்ரல் என்னும் வால்வு வழியாகக் கீழ் அறைக்கு இறங்குகிறது. அந்த வால்வே மடை. நல்ல நிலையில் அதன் திறப்பு 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் இருக்கும். வாதக் காய்ச்சல் அந்த வால்வின் இதழ்களைத் தடிக்கவைத்து, ஓரங்களை ஒட்டவைத்து, திறப்பை 1.5 சதுர சென்டிமீட்டருக்கும் கீழே கொண்டுவந்துவிடும். மடை தூர்ந்தால் தண்ணீர் எங்கே போகும்? பின்னுக்கு ஏறி உள்வாய்ப் புஞ்சைகளை மூழ்கடிக்கும். அதுபோல இரத்தம் நுரையீரலில் தேங்குகிறது, மூச்சு முட்டுகிறது. வேறு சிலருக்கு இதழ்கள் சுருங்கி, மடைப்பலகை சரியாக மூடாமல், தள்ளிய இரத்தம் திரும்பி வரும். இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு. மேல்நாடுகளில் இந்த அடைப்பு முற்ற இருபது, முப்பது ஆண்டுகள் பிடித்தன என்று பழைய நூல்கள் சொல்கின்றன. நம் நாட்டிலோ இருபது வயதுக்குள்ளேயே முற்றிய அடைப்போடு பிள்ளைகள் வருகிறார்கள்.

அடிப்பது யார்?

பெரியவரின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. வால்வைக் கெடுப்பது தொண்டைக்கு வந்த கிருமி என்று பலர் நினைக்கிறார்கள். கிருமி இருதயத்துக்குப் போவதேயில்லை. கெடுப்பது நம்முடைய சொந்தக் காவலாட்கள்.

இரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்கள் நமக்குக் காவல். 1882-இல் மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி, இத்தாலி நாட்டு மெசினா கடற்கரையில், நட்சத்திர மீனின் குஞ்சு ஒன்றில் ரோஜா முள்ளைக் குத்திவைத்துப் பார்த்தார். மறுநாள் அந்த முள்ளைச் சுற்றி நகரும் அணுக்கள் கூடி நின்றன. அந்நியப் பொருளை விழுங்கும் அணுக்கள் உண்டு என்று அவர் கண்டது அப்படித்தான். 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. காவலில் வேறு சிலரும் உண்டு. பி அணுக்கள் எதிர்ப்பொருள் என்னும் அம்புகளைச் செய்கின்றன. டி அணுக்கள் அடையாளம் பார்க்கிறவை. "இது அந்நியன்" என்று கண்டதும் மற்றவர்களைக் கூப்பிடுகின்றன. ஒருமுறை பார்த்த முகத்தை ஆண்டுக்கணக்கில் மறப்பதில்லை. இந்த ஞாபகசக்தியை நம்பித்தான் பிள்ளைகளுக்கு அம்மை ஊசி போடுகிறோம்.

தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியில் பல வகுப்புகள் உண்டு. அவற்றை வகை பிரித்து வைத்தவர் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டு என்ற அமெரிக்க அம்மையார். அவற்றுள் ஏ வகுப்புக் கிருமியின் மேல் "எம் புரதம்" என்று ஒரு போர்வை இருக்கிறது. அந்தப் போர்வையின் நெசவு, நம் இருதயத் தசையிலுள்ள மயோசின் என்ற புரதத்தின் நெசவைச் சில இடங்களில் ஒத்திருக்கிறது. வீட்டுப் பிள்ளை உடுத்தும் அதே கோடுபோட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு திருடன் வந்ததுபோல! காவல்காரன் திருடனைத் துரத்திவிட்டான். ஆனால் சட்டையின் கோடு மனதில் பதிந்துவிட்டது. அடுத்த நாள் முகப்பில் நிற்கும் வீட்டுப் பிள்ளையையும் அடிக்கிறான்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி நேர்வதில்லை. இந்தத் தொண்டைவலி வந்து மருந்து சாப்பிடாத நூறு பேரில் அதிகம்போனால் மூன்று பேருக்கே வாதக் காய்ச்சல் வருகிறது. அந்த மூவரின் பிறவி அமைப்பிலும் ஏதோ ஒன்று இதற்கு இடம் கொடுக்கிறது. நெருக்கடியான வீடு, ஒரே பாயில் ஐந்து பிள்ளைகள், மறுபடி மறுபடி வரும் தொண்டைவலி, எட்டாத தூரத்தில் வைத்தியம் ஆகியவை மீதிக் காரணம்.

காவலாட்கள் வால்வுக்குள் நுழையும் விதத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்கவேண்டும். ஆரோக்கியமான வால்வின் இதழ் மெல்லிய சவ்வு. அதற்குள் இரத்தக் குழாய்கள் பெரும்பாலும் கிடையாது. ஆகவே வெள்ளை அணுக்கள் சாதாரணமாக உள்ளே போவதில்லை. முதலில் எதிர்ப்பொருள் வந்து இதழின் மேல்தோலில் ஒட்டுகிறது. தோல் எரிச்சலடைந்து பிசின்போல் ஆகிறது. இரத்தத்தோடு ஓடிக்கொண்டிருக்கும் டி அணுக்கள் அதில் ஒட்டி, உள்ளே இறங்கிவிடுகின்றன. பின்னாலேயே விழுங்கும் அணுக்கள் வருகின்றன. அவை கூடி நின்ற முடிச்சுகளை 1904-இல் ஆஷாஃப் என்ற ஜெர்மானிய வைத்தியர் உருப்பெருக்கியில் கண்டு விவரித்தார். இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. அது ஆறும்போது தழும்பாக ஆறுகிறது. தழும்போடு புது இரத்தக் குழாய்களும் முளைக்கின்றன. அதாவது, முன்பு வாசலே இல்லாத அறைக்கு இப்போது வாசல் வைத்தாயிற்று. அடுத்த தொண்டைவலியின்போது காவலாட்கள் நேரே உள்ளே போகலாம்.

இது வெறும் ஊகமல்ல. பிரேசில் தேசத்தின் சாவோ பாலோ நகரில் ஆராய்ச்சியாளர்கள், ஆபரேஷனில் வெட்டி எடுத்த வால்வுகளிலிருந்து டி அணுக்களைப் பிரித்து வளர்த்தார்கள். அந்த அணுக்கள் கிருமியின் எம் புரதத்தைக் கண்டும் கிளர்ந்தன. இருதயத்தின் புரதத்தைக் கண்டும் கிளர்ந்தன. 1995-இல் இதை வெளியிட்டார்கள். தொண்டைவலி வந்து எத்தனையோ காலம் ஆன பிறகும் அந்த அணுக்கள் வால்வுக்குள் குடியிருந்தன என்பதுதான் என்னைத் திகைக்கவைத்தது.

காவலை அடக்கிவிட்டால் என்ன?

இந்தக் கேள்வி உங்களுக்கும் வந்திருக்கும். வைத்தியர்களுக்கும் வந்தது. காவலாட்களை அடக்கும் கார்டிசோன் மருந்து புதிதாக வந்தபோது, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சேர்ந்தே வாதக் காய்ச்சல் பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1955-இல் முடிவு வந்தது. ஆஸ்பிரின் கொடுத்த பிள்ளைகளுக்கும் கார்டிசோன் கொடுத்த பிள்ளைகளுக்கும் பின்னாளில் வந்த வால்வுக் கோளாற்றில் வித்தியாசம் தெரியவில்லை. காய்ச்சலும் வீக்கமும் சீக்கிரம் அடங்கின, அவ்வளவே. இன்றைக்கும் இருதயம் கடுமையாக வீங்கித் திணறும் பிள்ளைக்கு வைத்தியர்கள் அந்த வகை மருந்தைக் கொடுப்பதுண்டு. வால்வைக் காப்பாற்றும் என்ற உறுதியோடு அல்ல.

வாதக் காய்ச்சல் அல்லாத மற்ற இருதயத் தளர்ச்சியிலும் இதே படிப்பினை. 1990-இல், தளர்ந்த இருதயக்காரரின் இரத்தத்தில், வெள்ளை அணுக்கள் ஒன்றையொன்று கூப்பிடப் பயன்படுத்தும் டி.என்.எஃப். என்ற பொருள் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். அதைத் தடுத்தால் இருதயம் தேறும் என்று பெரிய நம்பிக்கை பிறந்தது. எட்டனர்செப்ட் என்ற மருந்தை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்தார்கள். பயனில்லை என்று இடையிலேயே நிறுத்தினார்கள். இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மற்றொன்றை அதிக அளவில் கொடுத்தபோது நோயாளிகளின் நிலை மோசமாயிற்று என்று 2003-இல் அறிவித்தார்கள். காரணம், காவலாட்களுக்கு வேறு வேலைகளும் உண்டு. மாரடைப்பில் செத்த தசையை அள்ளி அப்புறப்படுத்துவதும், அந்த இடத்தில் தழும்பு கட்டுவதும் இதே விழுங்கும் அணுக்கள்தான். 2017-இல் இன்னொரு ஆச்சரியம் வெளிவந்தது. இருதயத்துக்குள்ளேயே நிரந்தரமாகக் குடியிருக்கும் விழுங்கும் அணுக்கள், துடிப்பின் மின்சாரம் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்குக் கடந்துபோக உதவுகின்றனவாம். கண்ணை மூடிக்கொண்டு காவலை ஒழிக்க முடியுமா?

காவலுக்கே காவல் வைக்கப்பட்டிருக்கிறது என்பதும் இப்போது தெரிந்திருக்கிறது. சொந்த சரீரத்தை அடிக்கப்போகும் அணுக்களைத் தடுத்து நிறுத்தும் ஒருவகை டி அணுக்களைக் கண்டறிந்ததற்காக, ஷிமோன் சகாகுச்சி என்ற ஜப்பானியருக்கும் இரண்டு அமெரிக்கருக்கும் 2025-இல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். இது ஒருநாள் வால்வு நோய்க்கு மருந்தாக வரலாம். வரும்வரை நம் பிள்ளைகள் காத்திருக்க முடியாது.

திருடனை வாசலிலேயே தடுப்பது

ஆகவே ஒரு வழிதான் மிஞ்சுகிறது. காவல்காரனைத் திருத்த முடியவில்லையென்றால், அந்தக் கோடுபோட்ட சட்டையை அவன் மறுபடி பார்க்காமல் செய்யவேண்டும். அதாவது, கிருமி தொண்டையில் திரும்பவும் குடியேறக் கூடாது. அதற்குத்தான் பென்சத்தீன் பெனிசிலின் ஊசி. நம் பிள்ளைகளின் தாய்மார் "பெனிடியூர் ஊசி" என்று கடைப்பெயரால் சொல்வார்கள். 1950-களில் வந்த மருந்து. இடுப்புத் தசையில் ஆழமாகப் போட்டால் மெல்ல மெல்லக் கரைந்து வாரக்கணக்கில் இரத்தத்தில் நிற்கும். பெரிய பிள்ளைகளுக்கு 12 லட்சம் யூனிட், சிறியவர்களுக்கு அதில் பாதி. நம் நாட்டில் 21 நாளைக்கு ஒருமுறை. எத்தனையோ கிருமிகள் மருந்துகளை மீறக் கற்றுக்கொண்டுவிட்ட இந்தக் காலத்திலும், இந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மட்டும் பெனிசிலினுக்கு இன்றுவரை பணிந்தே போகிறது. இதை நான் ஒரு பெரிய இரக்கமாகவே எண்ணுகிறேன்.

பலன் உண்டா என்பதற்கு அண்மைச் சாட்சி உகாண்டா தேசத்திலிருந்து வந்தது. வெளியே ஒரு தொல்லையும் தெரியாமல், எக்கோ பரிசோதனையில் மட்டும் வால்வுக் கோளாறு தெரிந்த 818 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு மாதந்தோறும் ஊசி. மறு பகுதிக்கு இல்லை. இரண்டு ஆண்டு முடிவில், ஊசி போடாதவர்களில் நூற்றுக்கு 8.2 பேருக்கு நோய் முற்றியிருந்தது. போட்டவர்களில் நூற்றுக்கு 0.8 பேருக்கு மட்டுமே. இது 2022-இல் அச்சில் வந்தது.

நம் மாநிலத்திலும் நல்ல செய்தி உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் 2001-2002-இல் கிராமப் பள்ளிகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பரிசோதித்தபோது, ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவாகவே இந்த நோயைக் கண்டார்கள். முந்தைய தலைமுறையில் அதே பக்கத்தில் கண்டது இதைவிடப் பல மடங்கு. வீடும் சாப்பாடும் வைத்தியமும் கொஞ்சம் தேறினாலே நோய் பின்வாங்குகிறது என்று தெரிகிறது. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், இன்னும் 5.5 கோடிப் பேர் இந்த நோயோடு வாழ்கிறார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,60,000 பேர் இறக்கிறார்கள். அவர்களில் நம் நாட்டார் மிகப் பலர்.

21 நாள் கணக்கு

மருந்து மலிவு. கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. வாதக் காய்ச்சல் வந்து இருதயம் தப்பிய பிள்ளைக்கே குறைந்தது ஐந்து ஆண்டு, அல்லது 18 வயதுவரை, இந்த ஊசி வேண்டும். வால்வு லேசாகப் பாதித்திருந்தால் பத்து ஆண்டு, அல்லது 25 வயதுவரை. நன்றாகவே கெட்டிருந்தால் 40 வயதுவரையோ ஆயுள் முழுவதுமோ. வலிக்கிற ஊசி. போட்ட அன்று பிள்ளை நொண்டிக்கொண்டு நடக்கும். தாய்க்கு ஒரு நாள் கூலி போய்விடும். அதிலும் பிள்ளை பார்வைக்கு ஆரோக்கியமாக இருக்கும்!

"எங்க ஆத்தா நல்லாத்தானே ஓடியாடித் திரியுது, இதுக்கு எதுக்குங்கய்யா மாசா மாசம் குத்தணும்?" என்று ஒரு தாய் கேட்டபோது, வைத்தியர் கண்மாய் மடையைச் சொல்லி விளக்கினார். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டாள். இரண்டு ஆண்டு தவறாமல் வந்தாள். பிள்ளை பெரியவளானதும் வருவது நின்றுவிட்டது. ஊசிக் கார்டு வீட்டில் இருந்தால் மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பட்டுவிடுமே என்ற பயம். இப்படி நின்றுபோகிறவர்களில் சிலரை மறுபடி நாம் பார்ப்பது பிரசவ வார்டில். கர்ப்பகாலத்தில் சரீரத்தின் இரத்த அளவு ஏறக்குறைய பாதி கூடிவிடுகிறது. ஒடுங்கிய மடையால் அந்த வெள்ளத்தைத் தாங்க முடிவதில்லை. ஐந்தாம் ஆறாம் மாதத்தில் இரவில் மூச்சு முட்டி எழுந்து உட்காரும் இளந்தாய்க்குத் தன் சின்ன வயதுத் தொண்டைவலி நினைவில் இருக்காது.

வால்வு கெட்ட பிறகும் வழி உண்டு. 1960-களின் தொடக்கத்திலேயே வேலூரில் டாக்டர் கோபிநாத் அவர்களும் குழுவினரும் இருதயத்தைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். ஜப்பானிய வைத்தியர் இனோவே 1982-இல் தொடங்கிய முறையில், தொடை வழியாகப் பலூனை அனுப்பி ஒட்டிய வால்வைத் திறக்கிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் அவர்களின் முயற்சியால் உருவான இந்திய வால்வு 1990-இல் முதன்முதல் பொருத்தப்பட்டது. அந்நிய வால்வை வாங்க வழியில்லாத எத்தனையோ ஏழைகளைப் பிழைக்கவைத்தது. 2009 முதல் தமிழ்நாட்டில் அரசுக் காப்பீடும் இருக்கிறது. இவற்றுக்காக நன்றி சொல்கிறேன். ஆனாலும் உலோக வால்வு வைத்த பெண், இரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிட்டு, அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். அந்த மாத்திரை கர்ப்பத்துக்கு ஆகாது. நிறுத்தினால் வால்வில் இரத்தம் கட்டிவிடும். இந்த இக்கட்டில் தவிக்கும் இருபது வயதுப் பெண்ணின் கட்டிலருகில் உட்கார்ந்து என்ன ஆறுதல் சொல்வது?

ஆபரேஷனுக்கென்று கேட்டால் சபைகள் தாராளமாகக் கொடுக்கின்றன. மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பும் படமும் கிடைக்கும். வராத பிள்ளையைத் தேடி ஒரு ஊழியர் பஸ் ஏறிப் போவதற்கும், தாயின் பஸ் கட்டணத்துக்கும், தீர்ந்துபோகாமல் மருந்தை இருப்பு வைப்பதற்கும் கேட்டால், யோசிக்கிறார்கள். நோய் வராமல் போன பிள்ளையைப் படம் எடுத்துக் காட்ட முடியாதல்லவா? கணக்கில் அந்த ஒரு வரி இருப்பதன் காரணம் இதுதான்; என்னைக் கேட்டால், அந்த வரி இன்னும் நீளமாக இருக்கவேண்டும்.

ஊசிக்குப் பயப்படுகிறவர்களுக்காக ஒன்று. கடுமையான ஒவ்வாமை மிக அபூர்வம். அதற்கு ஆயத்தமாக இருந்துதான் போடுகிறார்கள். இருதயம் மிகவும் தளர்ந்த நோயாளிகளுக்கு ஊசிக்குப் பதில் மாத்திரையே தகுதி என்று வைத்தியர் தீர்மானிப்பதும் உண்டு. அதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

விடுதி நடத்தும் சபைகளுக்கும், ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும்

இந்தக் கிருமி எச்சில் துளியால் பரவுகிறது. நெருங்கிப் படுக்கும் இடம் அதற்குக் கொண்டாட்டம். படுக்கைகளை இடைவெளி விட்டுப் போடுங்கள். ஒரே டம்ளரில் பல பிள்ளைகள் குடிக்கவேண்டாம். காய்ச்சலோடு தொண்டைவலி, விழுங்க முடியாத வேதனை, தாடைக்குக் கீழே நெறி கட்டுதல், ஆனால் இருமலும் மூக்கொழுகலும் இல்லை என்றால், கஷாயம் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். தொண்டைவலி தொடங்கி ஒன்பது நாளைக்குள் பெனிசிலின் தொடங்கினாலே வாதக் காய்ச்சலைத் தடுத்துவிடலாம். மாத்திரை என்றால் பத்து நாள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் மீதியை அலமாரியில் வைத்துவிடுவது நம் வீடுகளின் வழக்கம். விடுதியில் அந்தப் பத்தாம் நாள் மாத்திரையும் பிள்ளையின் வாய்க்குள் போனதைக் காப்பாளர் தம் கண்ணாலே பார்க்கவேண்டும்.